ரிபனும் டொபியும் கொண்டு நத்தார் மர அலங்காரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிழக்கிலங்கைக் கரையோரத்தில், வாகரையிலிருந்து பொத்துவில் வரைக்கும் நத்தார் மழைக்குள்தான் வருகிறது. வெளிநாட்டுக் காணொளிகளில் காட்டும் இனிப்பு அலங்காரங்களை அப்படியே இங்கே செய்து தொங்கவிட்டால், சில நாளில் டொபி கசியத் தொடங்கும், பின்னாலேயே எறும்பு வரும். அதனால் கீழே உள்ள பதில்கள் எல்லாம் ஒரே ஒழுங்கில் சொல்லப்பட்டவை: ரிபன் வேலை முழுவதும் முன்கூட்டியே முடியட்டும், இனிப்பு கடைசியில், உறையைப் பிரிக்காமல் ஏறட்டும்.

எந்த இனிப்பு பொருந்தும்? எது பொருந்தாது?

இரண்டு பக்கமும் முறுக்கிய உறையுள்ள கடின டொபிதான் முதல் தெரிவு. அந்த முறுக்குக்கு வெளியே விரிந்து நிற்கும் இரண்டு காதுகளும் நமக்குக் கைப்பிடி. நூல் கட்டுவது, ரிபன் கட்டுவது எல்லாம் காதுக்கும் டொபிக்கும் இடைப்பட்ட கழுத்தில். ஒரு டொபி ஏறக்குறைய 4 முதல் 5 கிராம்தான் இருக்கும், மெல்லிய கிளையும் தாங்கும்.

நுனிகளை ஒட்டி மூடிய பை உறையில் வரும் டொபிக்குக் கழுத்து இல்லை. நடுவில் கட்டினால் நழுவி விழும். அதை வாங்கிவிட்டீர்கள் என்றால் உறையோடு சேர்த்து இன்னொரு முறை செலோபேன் தாளில் சுற்றி முறுக்குங்கள். 12 சென்ரிமீற்றர் சதுரம் போதும். உண்மையான செலோபேன் முறுக்கிய இடத்தில் நிற்கும். பொலித்தீன் துள்ளிப் பிரியும். கடையில் செலோபேன் என்று தருவதில் பல பிளாஸ்ரிக் தாள், ஆகவே முறுக்கிய இடத்தில் நூலால் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டிவிடுவது பாதுகாப்பு.

போத்தலில் உதிரியாக விற்கும் தோடம்பழ இனிப்பு, பல்லிமுட்டை மிட்டாய் எல்லாம் பார்க்க அழகு. ஆனால் உறை இல்லாததால் மரத்தில் ஒரு இரவுகூடத் தாங்காது. செலோபேனில் பொட்டலமாகக் கட்டி 24ஆம் திகதி பின்னேரம் ஏற்றலாம். வீட்டில் செய்த பால் டொபியும் இதே கணக்குத்தான். கண்டோஸ், அதாவது சொக்லட் வகைகளைத் தவிருங்கள்: கொக்கோ வெண்ணெய் 34 பாகை செல்சியசை அண்டியே உருகுவது. மழை நாளில் அறை அவ்வளவு சூடு ஏறாது என்றாலும், மின்குமிழுக்குப் பக்கத்தில் வடிவம் கெட்டுவிடும். தொதலைப் பற்றிச் சிலர் கேட்கிறார்கள். எண்ணெய் விட்டு ரிபனைப் பாழாக்கும், அது தட்டிலேயே இருக்கட்டும்.

ரிபன் எந்த அளவு, எவ்வளவு?

சாட்டின் ரிபனில் மூன்று அகலம் இருந்தால் இங்கே சொல்லும் எல்லாவற்றையும் செய்யலாம். கால் அங்குலம் கட்டுவதற்கு, அரை அங்குலம் சுற்றுவதற்கும் மடிப்பதற்கும், ஒரு அங்குலம் சிறகுக்கும் பெரிய பூ முடிச்சுக்கும். பூ முடிச்சு என்பது சப்பாத்து நூல் கட்டுகிற அதே முடிச்சு. கடையில் யார்க் கணக்கில் வெட்டித் தருவார்கள். ஒரு யார் என்பது 91 சென்ரிமீற்றர். இருபது அலங்காரத்துக்கு கால் அங்குலம் 8 யார், அரை அங்குலம் 10 யார், ஒரு அங்குலம் 2 யார் எடுத்தால் வீண் போகாது.

பரிசுப் பொதியில் கட்டும் மினுங்கல் ரிபன் வேறு சரக்கு. கத்தரிக்கோல் அலகில் இழுத்தால் சுருளும், அதற்கு மட்டும் வாங்குங்கள். அதில் பைண்டர் கம் பசையும் ஒட்டாது, முடிச்சும் வழுக்கும்.

சிவப்பு ரிபன் வாங்கும்போது ஒரு சோதனை செய்யுங்கள். வெள்ளைத் துணியை நனைத்து ரிபனில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஏறினால் அது ஈரக்காற்றில் பக்கத்திலுள்ள வெள்ளை ரிபனையும் இளஞ்சிவப்பாக்கும்.

வேறு என்னென்ன சாமான் வேண்டும்?

கூரான கத்தரிக்கோல், அடிமட்டம், காது பெரிய ஊசி, தையல் நூல், தங்கூசி (நைலோன் நூல்), டபுள் டேப், 6 முதல் 8 மில்லிமீற்றர் முத்து, மெழுகுதிரி. குளூ கன் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குறையில்லை. தையல் சாமான் கடையிலும் புத்தகக் கடையிலும் எல்லாம் கிடைக்கும். மட்டக்களப்பு நகரிலோ கல்முனை பசாரிலோ ஒரே நடையில் முடித்துவிடலாம். கார்த்திகையிலேயே வாங்கி வையுங்கள். டிசம்பர் நடுப்பகுதியில் வெள்ளம் வந்து வீதி மூடினால், உள்ளதை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். தங்க நிறமும் அதற்குள் முடிந்திருக்கும்.

முதன்முறை செய்கிறோம். எதில் தொடங்குவது?

ஒற்றை டொபியில். கால் அங்குல ரிபனில் அரை யார் போதும். அதை 20 சென்ரிமீற்றர், 25 சென்ரிமீற்றர் என இரண்டாக வெட்டுங்கள்.

டொபியின் ஒரு கழுத்தில் முதலில் தையல் நூலை மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கி இரட்டை முடிச்சுப் போடுங்கள். 20 சென்ரிமீற்றர்த் துண்டை இரண்டாக மடித்து, இரு நுனியையும் அதே கழுத்தில் கட்டினால் தொங்கும் வளையம் வந்துவிடும். அந்த முடிச்சை மறைத்து 25 சென்ரிமீற்றர்த் துண்டால் பூ முடிச்சு. வேலை அவ்வளவுதான்.

நூல் சுற்றுவதை விட்டுவிட்டு நேரே ரிபனைக் கட்டுகிறவர்கள் அதிகம். சாட்டின் வழுக்கும், டொபியின் பாரத்தில் முறுக்கு மெல்ல அவிழும், காலையில் பார்த்தால் மரத்தில் வெறும் உறையும் கீழே டொபியும் கிடக்கும்.

வெட்டிய நுனி நூல் நூலாகப் பிரிகிறது. என்ன செய்வது?

சாட்டின் ரிபன் பெரும்பாலும் பொலியெஸ்ரர். தீயின் பக்கத்தில் காட்டினால் எரிவதற்கு முன் உருகி நுனி அடைபடும். மெழுகுதிரிச் சுடரின் மேல்நுனியில் பிடிக்காதீர்கள், கரி படிந்து கறுக்கும். சுடரின் பக்கவாட்டில், நீல அடிப்பகுதிக்கு அருகே, தொடாமல் ஒரு நொடி காட்டி எடுத்தால் போதும். உருகிய நுனியைக் கையால் தொடக் கூடாது, தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். பருத்தி ரிபன் உருகாது, பற்றி எரியும். அதற்கு நுனியில் பைண்டர் கம்மை விரலால் மெல்லத் தடவிக் காயவிடுங்கள்.

நுனியைச் சாய்வாகவோ மீன்வால் போலவோ வெட்டினால் பிரிவது குறையும். மீன்வாலுக்கு ரிபனை நீளவாட்டில் இரண்டாக மடித்து, மடிப்புப் பக்கத்திலிருந்து உள்நோக்கிச் சாய்வாகத் தொடங்காமல், திறந்த ஓரத்தின் நுனியிலிருந்து மடிப்பை நோக்கி உள்ளே வெட்டிக்கொண்டு போங்கள். மாறி வெட்டினால் வால் வராது, அம்பு முனை வரும்.

மடிப்பு ரிபனில் சின்ன நத்தார் மரம் எப்படிச் செய்வது?

கேட்பவர்கள் அதிகம், பிழை விடுபவர்களும் அதிகம். மடிப்பு ஒவ்வொன்றையும் அளந்து மடிக்கப் போவதால்தான் பிழை வருகிறது. மடிப்பை அளக்கத் தேவையில்லை. ஊசி குத்தும் இடத்தை மட்டும் குறித்தால் மடிப்பு தானாகச் சரியான இடத்தில் விழும்.

அரை அங்குலப் பச்சை ரிபனில் 35 சென்ரிமீற்றர் வெட்டுங்கள். பின்பக்கத்தில் அகலத்தின் நடுவே, ஒரு நுனியிலிருந்து 4, 12, 18, 24, 28, 32, 34 ஆகிய சென்ரிமீற்றர்களில் பென்சிலால் புள்ளி வையுங்கள். ஏழு புள்ளிகள்.

ஊசியில் 40 சென்ரிமீற்றர் தங்கூசி அல்லது இரட்டை நூல் கோத்துக்கொள்ளுங்கள். அடியில் ஒரு முத்தைக் கோத்து, கீழே சிறிது நூலைத் தொங்கவிட்டு முடிச்சுப் போட்டு நிறுத்துங்கள். முதற் புள்ளியில் குத்தி ஒரு முத்து, ரிபனை மடித்துத் திருப்பி இரண்டாம் புள்ளியில் குத்தி ஒரு முத்து, மறுபக்கம் மடித்து மூன்றாம் புள்ளி, இப்படியே ஏழும். ஒவ்வொரு மடிப்புக்கும் நடுவில் ஒரு முத்தாக ஆறு, உச்சியில் ஒன்று, அடியில் ஒன்று: மொத்தம் எட்டு முத்து. உச்சி முத்துக்கு மேலே நூலை முடிச்சிட்டு, மீதியை வளையமாக்குங்கள். இரு புறமும் 4, 3, 2, 1 சென்ரிமீற்றர் என ஒடுங்கிப் போகும் கிளைகள் கிடைக்கும்.

அடி முத்தில் தொங்கவிட்ட நூலின் நுனியில் ஒரு டொபியைக் கழுத்தில் கட்டினால் மரத்துக்கு அடிமரமும் ஆயிற்று. இதை நத்தாருக்கு ஒரு நாள் முன் கட்டினால் போதும். மரத்தை முதல் கிழமையே செய்து வைக்கலாம்.

ஒரு யாரில் இரண்டு மரம் வெட்டி 21 சென்ரிமீற்றர் மிஞ்சும், அது ஒரு சிறு பூ முடிச்சுக்குச் சரி.

மரம் ஒரு பக்கம் சாய்கிறது, அல்லது கிளைகள் திருகிக்கொள்கின்றன. ஏன்?

சாய்ந்தால் புள்ளி ரிபனின் நடுவில் இல்லை, ஓரத்துக்குப் போய்விட்டது என்று அர்த்தம். திருகினால் நூலை இறுக்கவில்லை: உச்சி முத்தைக் கீழே அமர்த்தி, மடிப்புகளும் முத்துகளும் ஒன்றையொன்று தொடும் வரை இழுத்துப் பிடித்தபின்தான் முடிச்சுப் போட வேண்டும். முத்துத் துவாரம் பெரிதாக இருந்தாலும் ரிபன் சுழலும். மிக மென்மையான ரிபனில் கிளைகள் தொங்கிப்போகும். அப்படிப்பட்டதை அயன் பண்ணும்போது மிதமான சூட்டில் துணி போட்டு, அரிசிக் கஞ்சித் தண்ணீர் மெல்லத் தெளித்து அழுத்தினால் விறைப்பு வரும். ஆனால் கஞ்சி போட்ட ரிபன் மழை நாளில் பூஞ்சணம் பிடிக்கும், அடுத்த வருடத்துக்கு வைக்க எண்ணாதீர்கள்.

பழைய வளையல்களை என்ன செய்யலாம்?

பிளாஸ்ரிக் வளையலை ரிபனால் சுற்றினால் அழகான வட்டம். 6.5 சென்ரிமீற்றர் விட்டமுள்ள மெல்லிய வளையலுக்கு அரை அங்குல ரிபன் 75 சென்ரிமீற்றர் வேண்டும். தொடங்குமிடத்தில் ஒரு சிறு துண்டு டபுள் டேப் ஒட்டி, ரிபனைச் சற்றுச் சாய்வாகப் பிடித்து, முந்திய சுற்றின் மூன்றில் ஒரு பங்கை மூடிக்கொண்டே போங்கள். நேராகப் பிடித்துச் சுற்றினால் வளையலின் உட்பக்கம் ரிபன் குவிந்து, வெளிப்பக்கம் இடைவெளி விழும். கண்ணாடி வளையல் வேண்டாம். விழுந்தால் பிள்ளைகள் காலில் ஏறும்.

நடுவில் ஒரு டொபி தொங்கவிடுவதானால் அதன் காதுகளை 1 சென்ரிமீற்றர் விட்டு வெட்டுங்கள். முழுக் காதோடு விட்டால் வட்டத்துக்குள் அடங்காமல் ஒரு பக்கம் இடிக்கும். 1 சென்ரிமீற்றரிலும் குறைத்தால் முறுக்கு நிற்காது.

வளையலைச் சுற்றி டொபிகளை நெருக்கிக் கட்டினால் 10, 12 பிடிக்கும். அது ஏறக்குறைய 60 கிராம் வரும், மரத்தில் போடாதீர்கள். வாசற்கதவிலோ யன்னல் கம்பியிலோ தொங்கட்டும், சாரல் படாத பக்கமாக.

யோகட் கப்பில் மணி செய்ய முடியுமா?

முடியும், வீட்டில் சேர்ந்து கிடக்கும் 80 கிராம் கப்தான் இதற்குச் சரியான அளவு. சவர்க்காரம் போட்டுக் கழுவி நன்றாகக் காயவையுங்கள். பால் வாசம் இருந்தால் டொபியைத் தேடி வர வேண்டிய எறும்பு மணியையே தேடி வரும்.

அடியின் நடுவில் சூடான ஊசியால் துவாரம் போடுங்கள், இது பெரியவர் வேலை. கப்பின் வாயைச் சுற்றி ஒரு வரி, அடியைச் சுற்றி ஒரு வரி டபுள் டேப் ஒட்டுங்கள். அரை அங்குல ரிபனைக் கப்பின் உயரத்தை விட 2 சென்ரிமீற்றர் கூட்டி வெட்டி, நெடுக்குவாட்டில் ஒவ்வொன்றாக ஒட்டுங்கள். வாய்ப்பக்கம் ஓரம் ஓரமாகத் தொட்டு நிற்க, அடிப்பக்கம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். கப் கூம்பி வருவதால் அது அப்படித்தான் வர வேண்டும். 16, 17 துண்டு பிடிக்கும், ஒன்றரை யார் வைத்துக்கொள்ளுங்கள். சுற்றிச் சுற்றி ஒட்ட நினைத்தால் கூம்பில் ரிபன் வழுக்கிக் கீழிறங்கும்.

பைண்டர் கம் இங்கே உதவாது. அது தண்ணீர்ப் பசை. வழுவழுப்பான பிளாஸ்ரிக்கில் காய்ந்தபின் தோல் போல உரியும்.

நாக்குக்கு ஒரு டொபி. 25 சென்ரிமீற்றர் நூலின் ஒரு நுனியில் டொபியைக் கட்டி, மறு நுனியை உள்ளேயிருந்து துவாரத்தால் வெளியே எடுங்கள். டொபியின் பாதி வாய்க்கு வெளியே தெரியும் உயரத்தில், துவாரத்துக்கு உள்ளும் வெளியும் ஒவ்வொரு முத்தை நிறுத்தி முடிச்சிடுங்கள். உள் முத்து இல்லாவிட்டால் டொபி மேலும் கீழும் ஓடும்.

லொலிபொப்பில் சம்மனசு (தேவதூதர்) செய்தோம், தலைகீழாகத் தொங்குகிறது. ஏன்?

கழுத்தில் நூல் கட்டியிருப்பீர்கள். பாரம் முழுவதும் தலையில். கீழே வெறும் குச்சி. ஆகவே தலை கீழே போகும். தொங்கும் நூலை உச்சந்தலையில், துணிக்குள்ளால் ஊசி குத்தி எடுங்கள்.

செய்முறை: உருண்டை லொலிபொப்பை உறையோடு வைத்து, 20 சென்ரிமீற்றர்ச் சதுர வெள்ளைப் பருத்தித் துணியின் நடுவைத் தலைமேல் போர்த்துங்கள். உச்சி நூலைப் போர்த்துமுன் குத்தி, உட்பக்கம் ஒரு முத்தில் முடிச்சிட்டு வைப்பது இலகு. கழுத்தில் 20 சென்ரிமீற்றர்க் கால் அங்குலத் தங்க ரிபனை இறுக்கிக் கட்டுங்கள். சிறகுக்கு ஒரு அங்குல வெள்ளை ரிபன் 24 சென்ரிமீற்றர்: இரு நுனியையும் நடுவுக்கு மடித்துக் கொண்டுவந்து நூலால் நடுவை நெரித்துக் கட்டினால் இரண்டு காது எழும்பும், அதைப் பின் கழுத்தில் தையுங்கள். முகம் வரையாமல் விடுவதே அழகு. பேனை மை துணியில் ஊறிப் பரவி, சம்மனசு அழுத மாதிரி இருக்கும்.

திசுத் தாளில் செய்யும் முறை பல இடங்களில் காட்டப்படுகிறது. இங்கே இரண்டு மழைக்கு அது தொய்ந்து போகும்.

டொபி மாலை எவ்வளவு நீளம்?

2 யார் அரை அங்குல ரிபனில் இரு பக்கமும் கட்டுவதற்கு 20 சென்ரிமீற்றர் விட்டு, 10 சென்ரிமீற்றருக்கு ஒன்றாக 15 டொபி. ஒவ்வொன்றையும் கழுத்தில் நூலால் ரிபனோடு சேர்த்துக் கட்டுங்கள். ஸ்ரேப்ளர் அடிக்க வேண்டாம், ஈரத்தில் துருப்பிடிப்பதோடு டொபி பிரிக்கும் பிள்ளையின் வாய்க்குள்ளும் போகும்.

வெள்ளையும் சிவப்பும் கலந்த கைத்தடி வடிவ மிட்டாய் இங்கே கிடைப்பதில்லை. பதிலாக?

அதன் வடிவம்தான் தேவை, மிட்டாய் அல்ல. 15 சென்ரிமீற்றர்க் கம்பியில் சிவப்பு முத்தும் வெள்ளை முத்துமாக மாறி மாறிக் கோத்து, இரு நுனியையும் மடித்து, மேல்பக்கத்தை வளைத்தால் முடிந்தது. இன்னொரு வழி, வெள்ளை ரிபன் சுற்றிய கம்பியில் கால் அங்குலச் சிவப்பு ரிபனைச் சாய்வாக இடைவெளி விட்டுச் சுற்றுவது. இரண்டை எதிரெதிராக வைத்துக் கட்டினால் இதய வடிவம் வரும். கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ உண்மையான மிட்டாய் வந்தால் பிளாஸ்ரிக் உறையைப் பிரிக்காமலே தொங்கவிடுங்கள்.

குளூ கன்னை எங்கே பயன்படுத்தலாம்?

ரிபனோடு ரிபன், ரிபனோடு கடதாசி மட்டை. டொபி உறையில் வேண்டவே வேண்டாம்: உறை சுருங்கி ஓட்டை விழும், உள்ளே டொபி இளகும். பைண்டர் கம் கடதாசிக்கு நல்லது, ஆனால் சாட்டினில் ஊறிக் கறுத்த திட்டு விடும், மழை நாளில் காய ஒரு நாளும் எடுக்கும். சுப்பர் குளூவை உணவுப் பொருளுக்குப் பக்கத்திலேயே கொண்டு போகாதீர்கள்.

டொபி ஏன் கசிகிறது? தடுக்க முடியாதா?

கடின டொபி என்பது தண்ணீர் வற்றும்வரை காய்ச்சி ஆறவைத்த சீனிப் பாகு. ஈரமான காற்று பட்டால் அதன் மேற்பரப்பு தண்ணீரை இழுத்துத் திரும்பப் பாகாக மாறும். அதுதான் கசிவு. வடகீழ்ப் பருவமழை நேரத்தில் நம் கரையோரக் காற்றில் ஈரம் மிகுதி, ஆகவே முற்றாகத் தடுக்க முடியாது, தள்ளிப்போடலாம்.

ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு டொபியாக வெளிச்சத்தில் பாருங்கள். உறையில் ஊசித் துவாரம் அளவு கிழிசல் இருந்தாலும் அதைச் சாப்பிட எடுத்து வையுங்கள். ஏற்றும் நாள் வரை இறுக்கமாக மூடும் பிஸ்கட் ரின்னில், சப்பாத்துப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சிப் பைக்கற்றுகளோடு வையுங்கள், அந்தப் பைக்கற் பிள்ளைகள் கைக்கு எட்டக் கூடாது. குளிர்சாதனப் பெட்டி நல்லதென்று நினைப்பது பிழை: வெளியே எடுத்ததும் உறையில் வியர்வை பிடித்து, கசிவு இன்னும் வேகமாகும்.

டிசம்பர் தொடக்கத்திலேயே மரம் வைக்கிறீர்கள் என்றால் போலி டொபி செய்யுங்கள். சேர்த்து வைத்த டொபி உறையைத் துடைத்து, உள்ளே 2 சென்ரிமீற்றர் ஸ்பொஞ்சுத் துண்டு வைத்து முறுக்கினால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். 24ஆம் திகதி பிள்ளைகள் எட்டும் கிளைகளில் மட்டும் உண்மையான டொபியை மாற்றிக் கட்டலாம். எங்களைக் கேட்டால், இந்த ஊருக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

எறும்புக்கு என்ன செய்வது?

மரம் நிற்கும் வாளியைத் தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்துக்குள் வையுங்கள். சாப்பாட்டு அலுமாரியின் காலுக்குக் கிண்ணம் வைக்கிற அதே உபாயம். தண்ணீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டால் எறும்பு மிதந்து கடக்காது. இதைச் செய்துவிட்டு மூன்று பாலங்களை மறந்துவிடுவார்கள்: சுவரில் முட்டும் கிளை, காற்றில் மரத்தில் படியும் திரைச்சீலை, மின்குமிழ் வயர். வயர்தான் பெரிய வீதி. தாம்பாளத்துக்கு வெளியே வயரில் ஒரு இடத்தில் டபுள் டேப்பைச் சுற்றி மேல்தாளை உரித்துவிடுங்கள், ஏற வருவது அதில் ஒட்டும். தாம்பாளத்துத் தண்ணீருக்கும் மின் இணைப்புக்கும் இடையே நல்ல தூரம் இருக்கட்டும்.

எறும்பு மருந்துத் தூளை மரத்தடியில் போடாதீர்கள், விழுந்த டொபியை எடுத்து வாயில் வைப்பதற்குப் பிள்ளைக்கு ஒரு நொடி போதும்.

நத்தார் மரமாக நடும் சவுக்குக் கிளையில் இவை நிற்குமா?

நிற்கும், பாரம் பார்த்துப் போட்டால். சவுக்கின் ஊசி போன்ற நுனிகள் எதையும் தாங்காது, வளையம் வழுக்கி விழும். தடித்த கிளையில் நூலை ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டுங்கள். ஒரு இடத்தில் 10 கிராமுக்குமேல் வேண்டாம். யோகட் மணிகளும் சம்மனசுகளும் நடுத்தண்டுக்குப் பக்கத்தில். வெட்டிய கிளையை ஈர மணல் நிரப்பிய வாளியில் நட்டு, நாளும் தண்ணீர் ஊற்றுங்கள். உள்ளே கொண்டு வருமுன் வெளியில் நன்றாக உதறுங்கள், எறும்பு அதிலேயே குடியிருக்கும். கடற்கரைத் தோப்புகளில் கைவைக்க வேண்டாம், அவை மணலையும் காற்றையும் தடுக்க நிற்பவை. வீட்டு வளவில் நிற்கும் மரமோ விற்பனைக்கு வரும் கிளையோ போதும்.

எந்த நிறங்கள்?

மழை நாளில் வீட்டுக்குள் வெளிச்சம் மங்கல். பச்சை மரத்தில் கரும்பச்சை ரிபன் கண்ணில் படாது. சிவப்போடு தங்கமும் வெள்ளையும் எடுங்கள். நத்தாருக்கு முந்திய திருவருகைக் கால வளையத்துக்கு ஊதா, மூன்றாம் ஞாயிறுக்கு இளஞ்சிவப்பு. நத்தார் அன்று வெள்ளையோ தங்கமோ.

சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் கவனிக்க வேண்டியவை?

ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக் கடின உருண்டை டொபி தொண்டையில் அடைக்கும் பொருள், முத்தும் அப்படியே. மரத்தின் கீழ்ப்பாதியில் துணி, ரிபன் அலங்காரங்களை மட்டும் விடுங்கள். தொங்கும் வளையங்கள் 10 சென்ரிமீற்றரைத் தாண்ட வேண்டாம், மாலையைத் தொட்டிலுக்கோ கட்டிலுக்கோ அருகில் கட்ட வேண்டாம். குமிழ்கள் எல்ஈடி வகையாக இருந்தால் சூடு குறைவு.

மறைக்கல்வி வகுப்பில் 30 பிள்ளைகளோடு செய்ய வேண்டும். என்ன கணக்கு?

மடிப்பு மரத்தைத் தெரிவு செய்யுங்கள், வகுப்பில் நெருப்பும் பசையும் தேவையில்லை. ஒரு யாரில் இரண்டு மரமாக வெட்டினால் பச்சை ரிபன் 15 யார் சரியாக வரும், 16 வாங்குங்கள். முத்து 240, சிந்துவதற்குச் சேர்த்து 280. தங்கூசி 12 மீற்றர், ஊசி 15. டொபி 30 மரத்துக்கு, 30 வாய்க்கு, 10 கைகாவலாக.

35 சென்ரிமீற்றர் மட்டைக் கீலம் ஒன்றில் ஏழு புள்ளிகளையும் குறித்து, அதை வைத்து முதல் நாளே எல்லா ரிபனிலும் புள்ளி இட்டு, நுனிகளையும் உருக்கி வையுங்கள். பிள்ளைகளிடம் அடிமட்டத்தைக் கொடுத்தால் வகுப்பு அளப்பதிலேயே முடியும். எட்டு முத்தை ஒவ்வொரு குப்பி மூடியிலும் எண்ணிப் போட்டுக் கொடுங்கள். ஏழு வயதுக்குக் கீழே உள்ளவர்களை ஒற்றை டொபிப் பூ முடிச்சில் விடுவது நல்லது. சாப்பிடும் டொபியை வேலை முடிந்தபின் கொடுங்கள். பிசுக்கு விரல் பட்ட சாட்டினில் தடம் போகாது.

அயலவருக்குக் கொடுக்கலாமா?

தாராளமாக. காத்தான்குடி, ஏறாவூர், சம்மாந்துறைப் பக்கத்து நண்பர்களுக்குக் கொடுக்கும்போது ஹலால் குறியுள்ள பைக்கற்றிலிருந்து எடுங்கள். சைவச் சாப்பாட்டு வீடுகளுக்கு ஜெலற்றின் சேர்ந்த மென்மையான இனிப்புகளைத் தவிருங்கள். சாதாரண கடின டொபியில் பெரும்பாலும் அது இருப்பதில்லை, பைக்கற்றைப் பார்த்து உறுதி செய்யுங்கள். உதிரியாக ஒரு டொபி கையில் கிடைப்பவருக்கு இது எதுவும் தெரியாது, அதனால் பைக்கற்றின் பெயரை ஒரு சிறு சீட்டில் எழுதிச் சேர்த்துக் கட்டுவது மரியாதை.

எப்போது கழற்றி, எப்படி எடுத்து வைப்பது?

டொபியை 25ஆம் திகதியே முடித்துவிடுங்கள். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கரையோர ஊர்களில் 26 நினைவு நாள், அன்று இனிப்புப் பிரித்துக் கொண்டாட மனம் வராத வீடுகள் பல. ரிபன் வேலைகள் ஜனவரி 6, மூன்று இராசாக்கள் திருநாள் வரை தொங்கலாம்.

கழற்றியதும் டொபி தொட்டுக்கொண்டிருந்த நூல்களை வெட்டி எறியுங்கள், சீனி ஊறிய நூல் பெட்டிக்குள் கரப்பானை அழைக்கும். பிசுக்குப் பட்ட ரிபனை வெதுவெதுப்பான தண்ணீரில் ஒற்றி, நிழலில் உலர்த்துங்கள். வெயில் காணும் இரண்டு நாள் பார்த்துத்தான் பெட்டியில் அடைக்க வேண்டும், தை நடுப்பகுதி ஆனாலும் பரவாயில்லை. மடிப்பு மரங்களைப் படுக்கவைத்தால் கிளை நசியும். முட்டை அட்டையில் ஒவ்வொன்றாக நிறுத்தி, மேலே ஒரு பழைய பருத்தித் துணி போட்டு மூடுங்கள்.